செம்புத் தட்டின் கறுப்பு

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மத்தியானம், கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தின் பின்பக்கக் குழாயடியில் குந்தியிருந்த என் மனைவி, ஒரு செம்புத் தட்டை வெயிலில் தூக்கிப் பிடித்துக் காட்டினாள். விரித்த உள்ளங்கை அளவு வட்டம். ஒரு விரல் கனம். தெர்மாமீட்டர் நுழைவதற்குப் பக்கவாட்டில் ஒரு சின்னத் துளை. நடுவில் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்திருந்தாள். அது மின்னிய மின்னலில் நான் கண்ணை இடுக்கிக்கொண்டேன். "உள்ள அத்தினியும் செம்புங்க. யாரு இப்பிடித் தீய வுட்டாங்களோ. கிருஷ்ணாயில் துணியில ஊற வெச்சு, செங்கத் தூளு போட்டு, ஒரு மணி நேரமா தேச்சன்" என்றாள். முழங்கை வரைக்கும் புளியும் சாம்பலும் வழிந்துகொண்டிருந்தன. முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. நான் "நல்லாருக்குது" என்றேன்.

அந்த ஆய்வகத்துக்கு நான் அட்டெண்டர். எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனவன். பிறகு படித்ததெல்லாம் காதால் படித்ததுதான்: பாடம் நடக்கும்போது கதவோரம் நின்று கேட்டது, டீக்கடையில் கேட்டது, அரூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் கேட்டது. யார் எதைச் சொன்னாலும் சொன்னவர் முகத்தோடு அந்தச் சொல் எனக்குள் தங்கிவிடும். ஆயுத பூஜை வந்தால் எங்கள் ஆய்வகத்தில் தராசு, லென்ஸ் பெட்டி, கம்பிச் சுருள் என்று எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைத்து, ஒரு நாள் அவற்றை வேலை வாங்காமல் விடுவது வழக்கம். பித்தளையும் செம்பும் துலக்குவது என் பொறுப்பு. அந்த வருஷம் பஸ் படிக்கட்டில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டில் மாவுக்கட்டுப் போட்டிருந்தேன். அதனால் வீட்டுக்காரியைத் துணைக்குக் கூட்டிவந்தேன். துலக்க வேண்டியதையெல்லாம் ஒரு கூடையில் எடுத்துக் கொடுத்துவிட்டு, பொரி கடலை வாங்கக் கடைத்தெருவுக்குப் போனேன். அந்தத் தட்டு கூடையில் இல்லை. மேசைமேல் தனிப் பெட்டியில் இருந்தது. பெட்டியை மூடாமல் போனது நான். கரி பிடித்த செம்பைப் பார்த்த பிறகு, அதை அப்படியே விட்டுவிட்டு வருகிற கை அவளுடையது இல்லை.

தட்டு பேராசிரியருடையது. அந்தக் கறுப்பு கரியும் இல்லை, தீய்ந்ததும் இல்லை. அவரே தன் கையால் பூசிய பூச்சு.

அவர் கம்பைநல்லூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். எங்கள் கல்லூரிக்கு அவர் வேலைக்கு வந்த நாளில் நான் அங்கே பழைய ஆள். முதல் நாளே என்னை "அண்ணே" என்று கூப்பிட்டார். அட்டெண்டரை அண்ணே என்று கூப்பிடுகிற பேராசிரியரை அந்தக் கட்டடம் அதுவரைக்கும் பார்த்ததில்லை. மற்ற ஆசிரியர்கள் சிரித்தார்கள். "அவருக்கு என்னைவிட ரெண்டு வயசு கூட சார். நான் எம்மெஸ்ஸி படிச்சா அது கொறஞ்சுருமா?" என்று அவர்களிடமே கேட்டார். கடைசிவரைக்கும் நான் அண்ணன்தான். என் மனைவி அண்ணிதான்.

அவர் வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தது ஒரே ஒரு விஷயத்தை. சூடான ஒரு பொருள், வேறு எதையும் தொடாமலே, தன் சூட்டை எப்படி வெளியே விடுகிறது? வெப்பக் கதிர்வீச்சு என்று பாடப் புத்தகத்தில் இருக்கும். அவருக்கு அது புத்தகத்திலிருந்து வரவில்லை. சின்ன வயதில் மாடு மேய்த்துவிட்டுச் சாயங்காலம் பாறையோரமாக வரும்போது, பொழுது இறங்கி வெகு நேரம் ஆகியும் பாறையின் சூடு முகத்தில் அடிக்குமாம். ஒரு முழம் தள்ளி நின்றாலும் அடிக்குமாம். "நான் அங்க நின்னா எனக்குக் குடுக்குது. நான் இல்லாதப்ப பாறை அத யாருக்குண்ணே குடுக்கும்?" என்று ஒருநாள் என்னைக் கேட்டார். எனக்கு என்ன தெரியும். ஆகாயத்துக்கு என்று அவரே பதில் சொன்னார். அந்தப் பையன் கேட்ட கேள்வியைத்தான் அவர் சேலத்துக்கும் சென்னைக்கும் படிக்க எடுத்துக்கொண்டு போனார். வேறு பெரிய இடங்களில் வேலை கிடைத்தும் போகாமல், அதே கேள்வியோடு இந்தப் பாறைகளுக்கு நடுவே திரும்பி வந்தார்.

கல்லூரிக்குப் பின்னால் கரடு என்று நாங்கள் சொல்கிற மொட்டைப் பாறைக்குன்று ஒன்று உண்டு. மாசி பிறந்ததிலிருந்து சித்திரை முடிகிறவரைக்கும், மேகம் இல்லாத நாளாகப் பார்த்து, பொழுது சாய்கிற நேரத்தில் நாங்கள் இருவரும் அதன்மேல் ஏறுவோம். தட்டை மின்சாரப் பெட்டியில் சுடவைத்து, இடுக்கியால் தூக்கி, தக்கைமேல் ஆகாயத்தைப் பார்த்தபடி மல்லாக்க வைப்போம். காற்று அடிக்காமல் இருக்கச் சுற்றிலும் தகர மறைப்பு. எத்தனை நிமிஷத்தில் எத்தனை டிகிரி இறங்குகிறது என்று அவர் நோட்டில் குறிப்பார். தட்டு சீக்கிரம் ஆறினால் ஆகாயம் சூட்டை வாங்கிக்கொள்கிறது என்று அர்த்தம். மெதுவாக ஆறினால் ஆகாயமும் திருப்பிக் கொடுக்கிறது என்று அர்த்தம். அதே தட்டு, அதே இடம், அதே மாதங்கள், வருஷம் தவறாமல். எங்கள் ஊர் ஆகாயம் காலப்போக்கில் எப்படி மாறுகிறது என்பதை இப்படியே அளந்து, ஆய்வேடாக எழுதி, டாக்டர் பட்டத்துக்குக் கொடுக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். வேறு யாரிடமும் இப்படித் தொடர்ச்சியான கணக்கு இல்லை என்பார்.

கரட்டில் ஆடு மேய்க்கிற ஓர் அம்மாவுக்கு எங்களைப் பார்த்தால் பொழுது போகும். "ஏங்க சாரு, பாறைக்கு ஜுரம் எறங்குச்சுங்களா?" என்று கேட்பார். இவரும் தெர்மாமீட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், "நேத்திக்கி இன்னிக்கி பரவால்லீங்க" என்பார். "ஒரு ஊசியப் போட்டு வுடுங்க. என் ஆட்டுக்குக் காலு பொறுக்க மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா போய்விடுவார். இது எப்படியோ மாணவர்கள் காதுக்கு எட்டி, அவருக்குப் 'பாறை டாக்டர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். "பாத்தீங்களாண்ணே, யுனிவர்சிட்டி குடுக்கறதுக்கு முன்னயே பசங்க குடுத்துட்டாங்க" என்று சிரித்தார்.

தட்டுக்குக் கறுப்பு பூசியபோது நான் கூடவே இருந்தேன். விளக்குக் கரியைச் சலித்து, வார்னிஷில் குழைத்து, ஏழெட்டுப் பூச்சு பூசினார். ஒவ்வொரு பூச்சையும் காயவைத்துத்தான் அடுத்தது. முடிக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. எதற்கு இவ்வளவு பாடு என்று கேட்டேன். "செம்பு கஞ்சன்ணே. பளபளன்னு சிரிக்கும், சூட்ட மட்டும் கையவுட்டு வுடாது. கறுப்புக்குத்தான் தாராள மனசு" என்றார். அதிலிருந்து தட்டைக் கையாளுகிற வேலை எனக்கு மட்டும். அவர்கூட அதைத் தொட மாட்டார். ஒருமுறை ஒரு மாணவன் விளையாட்டுப்போல அதன்மேல் விரலை வைத்துவிட்டான். அன்றைக்கு அவர் போட்ட சத்தத்தில் அந்தப் பையன் அழுதே விட்டான். அவர் சத்தம் போட்டு நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

அப்படிப்பட்ட தட்டைத்தான் என் மனைவி கண்ணாடி மாதிரி ஆக்கிக் கையில் கொடுத்தாள். அவளிடம் என்ன சொல்வது? ஒரு மணி நேரம் தேய்த்த கையைப் பார்த்துக்கொண்டே, நீ கெடுத்துவிட்டாய் என்று எப்படிச் சொல்வது? தட்டைச் சாப்பாட்டுப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவள் பூஜைச் சாமான் வாங்க வெளியே போயிருந்த சமயம், சிம்னி விளக்கின் திரியை ஏற்றி, எழும்புகிற புகைக்கு நேராகத் தட்டை இடது கையால் பிடித்துத் திருப்பித் திருப்பிக் காட்டினேன். கால் மணி நேரத்தில் தட்டு எருமை முதுகு மாதிரி கறுத்துவிட்டது. முன்னே இருந்ததற்கும் இதற்கும் என் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. அவருக்கு வேண்டியது கறுப்பு, கறுப்பு வந்துவிட்டது என்று உண்மையாகவே நம்பினேன். மறுநாள் காலை முதல் ஆளாகப் போய்த் தட்டைப் பெட்டியில் வைத்து மூடினேன். அவர் வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். மூடியிருந்த பெட்டியின் மேல் தன் கையால் சந்தனம் வைத்து, கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு, பொரியை முதலில் எனக்குக் கொடுத்தார்.

அடுத்த மாசியில் தட்டு மெதுவாக ஆறியது.

முதல் நாள் அவர் நோட்டில் குறித்துக்கொண்டதோடு சரி. மறுநாளும் அப்படியே வந்ததும் தெர்மாமீட்டரை மாற்றினார். கடிகாரத்தை மாற்றினார். தக்கை, தகர மறைப்பு, சூடாக்கும் பெட்டி என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார். தட்டைச் சோதிக்கவில்லை. அதைத்தான் என்னிடம் கொடுத்திருந்தாரே. பத்துப் பதினைந்து நாள் கழித்துக் கரட்டு மேலே நின்றுகொண்டு, "அண்ணே, ஆகாயம் வாங்க மாட்டேங்குது" என்றார். பயமும் சந்தோஷமும் கலந்த குரல் அது. சுற்றுவட்டாரத்தில் கல் உடைக்கிற தூசி மேலே போய் மூடுகிறதா, காற்றில் ஈரம் கூடிவிட்டதா, சாயங்காலத்தில் ஊர் ஆறாமல் கிடப்பது இதனால்தானா என்று அதற்கப்புறம் இதே பேச்சுத்தான். தான் ஒரு பெரிய விஷயத்தைக் கண்டுவிட்டதாக அவர் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். என் மூளைக்கு அப்போதும் எட்டவில்லை.

புகைக்கரி நிற்கவில்லை. சூடு ஏறி இறங்குவதிலும் இடுக்கி படுவதிலும் ஓரத்தில் உதிர்ந்து, செம்பு எட்டிப் பார்க்கும். அவர் கண்ணில் படுவதற்குள் வீட்டுக்குக் கொண்டுபோய் மறுபடியும் புகை காட்டிக் கொண்டுவந்து வைத்துவிடுவேன். கைக்குழந்தைக்கு அழிந்த மையைத் திரும்ப இடுவதுபோல இது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது.

எனக்கு உறைத்தது ஒரு பெரிய நகரத்தில், பெரிய மண்டபத்தில். அங்கே விஞ்ஞானிகள் கூடின கூட்டத்தில் தன் கணக்கைப் பற்றிப் பேச அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். தட்டுப் பெட்டியைத் தூக்க ஆள் வேண்டும் என்று என்னையும் அழைத்துப் போனார். கடைசி வரிசையில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் பேசி முடித்ததும் வயதான ஒருவர் எழுந்து, திரையில் இருந்த தட்டின் படத்தைக் காட்டி ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். 'பிளாக்' என்ற சொல் மட்டும் எனக்குப் பிடிபட்டது. எங்கள் பேராசிரியர் சிரித்தபடியே பதில் சொல்லி, என்னை நோக்கிக் கையை நீட்டினார். மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நான் பெட்டியோடு எழுந்து நின்று கும்பிட்டேன். டீ குடிக்கும்போது, அங்கே என்ன கேட்டார்கள் என்று விசாரித்தேன். "கறுப்புப் பூச்சு நடுவுல மாறியிருக்குமோன்னு கேட்டாருண்ணே. எங்க அண்ணன் அத பச்சப்புள்ளையாட்டம் பாத்துக்கறாரு, அதுல மட்டும் எனக்குச் சந்தேகமே வராதுன்னு சொன்னேன்" என்றார். கையிலிருந்த டீ சட்டையில் சிந்தியது. சூடு தெரியவில்லை.

திரும்பி வருகிற வழி முழுவதும் அவர் பேசிக்கொண்டே வந்தார். ஆய்வேட்டின் எந்த அத்தியாயத்தில் எது வரும், முன்னுரையில் கரட்டைப் பற்றி எப்படி எழுதுவது, நன்றி சொல்லும் பக்கத்தில் என் பெயரை எங்கே போடுவது என்றெல்லாம். இரண்டு மூன்று முறை வாயைத் திறந்தேன். ஒருமுறை "சார்" என்றுகூட ஆரம்பித்துவிட்டேன். "என்னண்ணே?" என்று ஆசையாகத் திரும்பினார். தண்ணி இருக்குதுங்களா என்று கேட்டேன்.

மற்ற இடங்களில் நல்ல கருவிகள் வைத்து அளந்தவர்களுக்கு அப்படி ஒரு மாற்றமும் தெரியவில்லை. ஆய்வேடு திரும்பி வந்தது. முந்தின வருஷங்களின் கணக்கும் பிந்தின வருஷங்களின் கணக்கும் ஒட்டவில்லை, காரணத்தையும் விளக்கவில்லை என்று எழுதியிருந்தார்களாம். அவர் மறுபடி ஒவ்வொன்றாகத் தேட ஆரம்பித்தார். மாதக்கணக்கில் தேடினார். ஒருநாள் ஆய்வக மேசைமேல் இரண்டு கையையும் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவர், "தப்பு என் கையிலதான் எங்கியோ இருக்குதுண்ணே. எனக்குத்தான் தெரியல" என்றார். நான் பக்கத்தில் துடைப்பத்தோடு நின்றுகொண்டிருந்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் தட்டைத் துலக்கினதை மட்டும் அன்றைக்குச் சொல்லி முடிக்க முடியாது. சொல்லாமல் இருந்த வருஷங்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வருஷம் ஏற ஏற அந்தப் பாரமும் ஏறியது. ஆய்வேட்டை அவர் திரும்ப வாங்கிக்கொண்டார். பட்டம் வரவில்லை. ஆனாலும் மாசி பிறந்தால் கரட்டுக்கு ஏறுவதை மட்டும் விடவில்லை. ஆகாயம் பழையபடி வாங்கிக்கொள்கிற நாள் வரும் என்று எதிர்பார்ப்பவர்போல, வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறவரைக்கும் அளந்தார். நான் அவருக்கு இரண்டு வருஷம் முன்னதாக ஓய்வு பெற்றேன். அப்புறமும் மாசி பிறந்தால் தட்டைக் கையாள நானே போய்வந்தேன். எங்களுக்குப் பிறகு, உடைந்த மேசை நாற்காலிகளோடு பழைய சாமானாகத் தட்டும் எங்கேயோ போய்விட்டது.

போன வருஷம் கார்த்திகையில் அவருக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்தது. இரண்டு சிறுநீரகமும் ஓய்ந்துவிட்டன; வாரம் இரண்டு முறை தருமபுரிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருகிறார் என்றார்கள். நானும் மனைவியும் காலை பஸ்ஸில் கம்பைநல்லூர் போனோம். கட்டிலில் படுத்திருந்தார். கால் இரண்டும் வீங்கி, முகம் கறுத்து, ஆளே பாதியாக இருந்தார். எழுந்து உட்காரவே இப்போதெல்லாம் இருவர் பிடிக்க வேண்டியிருக்கிறது என்றார் அவர் மனைவி. அவர் பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்தவர். நாங்கள் டீச்சரம்மா என்போம். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் என் மனைவி, நோயாளியிடம் நாலு வார்த்தை சந்தோஷமாகப் பேச வேண்டும் என்ற நல்லெண்ணத்தில், வாயைத் திறந்தாள்.

"சாருக்கு நெனப்பு இருக்குதோ இல்லியோ. ஒங்க செம்புத் தட்ட ஒருக்கா நான்தான் வெளக்கிக் குடுத்தன். இவரு கையொடிஞ்சு கெடந்தாரே, அந்த பூசைக்கு. அம்மாடி, எத்தினி கரி. கண்ணாடியாட்டம் ஆக்கிட்டன்."

"எந்தத் தட்டு அண்ணி?" என்றார் அவர்.

"வட்டமா, கனமா, பக்கத்துல ஒரு ஓட்ட இருக்குமே."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பி, "நல்லா வெளக்கியிருப்பீங்க அண்ணி" என்றார். டீச்சரம்மாவிடம், அண்ணியைக் கொல்லைக்கு அழைத்துப்போய் முருங்கைக் கீரை கொஞ்சம் பறித்துக் கொடுக்கச் சொன்னார். பெண்கள் இருவரும் வெளியே போனார்கள். அதற்குப் பிறகு, "நெசமாண்ணே?" என்றார். ஆமாங்க சார் என்றேன். அப்புறம் என்ன செஞ்சீங்க என்று கேட்டார். சிம்னி விளக்கு, இடது கை, கால் மணி நேரம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது.

அவர் திட்டவில்லை. போர்வையைத் தள்ளிவிட்டு, கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, தானாகவே எழுந்து உட்கார்ந்தார். அவர் கண்ணில் அப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. "வெறும் புகையா? மெலிசா?" என்றார். "அதான். அதான் விஷயம். மெலிசான புகைக்கரி கண்ணுக்குத்தான் கறுப்புண்ணே. சூட்டோட கதிருக்கு அது கொசுவலை மாதிரி, ஊடால பூந்து போயிரும். அடியில இருக்கறது அந்தக் கஞ்சந்தான்." மூச்சு வாங்கியது. நிறுத்தவில்லை. "அந்த விளக்கு இருக்குதா?" வீட்டில் இருக்கிறது என்றேன். "போதும். செம்புத் தட்டு நான் லேத்துல கடைய வெச்சு வாங்கிக்கறேன். அன்னிக்கு செஞ்ச மாதிரியே நீங்க புகை காட்டிக் குடுங்க. பழைய பூச்சுக்கும் இதுக்கும் எவ்வளவு வித்தியாசம்னு அளந்துட்டா, பின்னால எடுத்த அத்தனை கணக்கையும் திருத்திரலாம். ஒன்னும் வீணாகலண்ணே. ஒரு வருஷங்கூட வீணாகல."

தலைமாட்டு அலமாரியில் நோட்டுகள் அடுக்கியிருந்தன. எடுத்துக் கொடுக்கச் சொன்னார். அந்த ஆயுத பூஜைக்கு அடுத்த மாசி மாதப் பக்கத்தைத் தடுமாறாமல் பிரித்தார். அங்கே ஒரு கோடு கிழித்தார். என் வீட்டு விளக்கின் திரி எவ்வளவு அகலம், தட்டை எவ்வளவு உயரத்தில் பிடித்தேன் என்று கேட்டு ஓரத்தில் எழுதிக்கொண்டார். நான் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பேசாமல் இருந்துவிட்டால் போதும். அவருக்கு இருக்கிற நாள் சந்தோஷமாகப் போகும். நான் புகை காட்டிக் கொடுப்பேன், அவர் அளப்பார், வருஷங்களையெல்லாம் திருத்துவார். அப்படித் திருத்தினதும் தப்பாகத்தான் இருக்கும். அது தெரிந்த ஒரே ஆள் இந்த முறையும் நான்தான்.

"சார், ஒரு தடவ இல்லீங்க" என்றேன்.

அவர் எழுதுவதை நிறுத்தினார். கரி உதிர உதிரப் பலமுறை புகை காட்டினதைச் சொன்னேன்.

"எத்தன தடவண்ணே?"

"தெரியலீங்க சார்."

"எப்பெப்பன்னு?"

"எப்ப வெளுக்குதோ அப்பங்க."

"ஒரே மாதிரியா? அதே கால் மணி நேரம்?"

ஆளில்லாத நேரம் பார்த்து, கிடைத்த நேரத்தில், அவசரமாகச் செய்தது. சில நாள் திரி ஏறியிருக்கும், சில நாள் இறங்கியிருக்கும். எந்த வருஷத்தில் எத்தனை முறை என்று யோசித்துப் பார்த்தேன். ஆடு மேய்த்த அம்மா எந்த நாளில் என்ன கேலி செய்தார் என்று கேட்டால் இப்போதும் சொல்லிவிடுவேன். இதைச் சொல்ல முடியவில்லை. நெற்றியை அழுத்திப் பிடித்துக்கொண்டு யோசித்தும் வரவில்லை. "மூணா, நாலா, அதுக்கு மேலயான்னு தெரியலீங்க" என்றேன்.

அவர் கோடு கிழித்த பக்கத்திலிருந்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். எதையும் படிக்கவில்லை. நோட்டு முடிந்ததும் அடுத்த நோட்டை எடுத்துப் புரட்டினார். அதற்கடுத்ததைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டார். "ஆகாயம் மாறுச்சா இல்லியான்னு இனிமே தெரியாதுண்ணே" என்றார். என்மேல் கோபமாகச் சொன்ன மாதிரி இல்லை. மழை வராது என்று ஒரு விவசாயி சொல்கிற மாதிரி இருந்தது. பேனாவின் மூடியைப் போட்டார். படுக்க உதவி செய்யச் சொன்னார். தோளைப் பிடித்துப் படுக்கவைத்தேன். உடம்பு கொதித்தது. கொல்லைப் பக்கம் பெண்களின் பேச்சுச் சத்தம் நெருங்கி வந்தபோது, கண்ணைத் திறக்காமலே, "அண்ணிக்குத் தெரிய வேணாம்" என்றார். அப்புறம் டீச்சரம்மாவைக் கூப்பிட்டு, எங்கள் இருவருக்கும் இலை போடச் சொன்னார். சாப்பிட்டோம். அவர் தூங்குவதுபோலப் படுத்திருந்தார். கிளம்பும்போது கையை மட்டும் லேசாகத் தூக்கினார்.

தை முடிவதற்குள் போய்விட்டார். அண்ணிக்குத் தெரிய வேண்டாம் என்பதுதான் என்னிடம் அவர் கேட்டுக்கொண்ட கடைசிக் காரியம். இதுவரைக்கும் காப்பாற்றி வருகிறேன். என் மனைவிக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் இவ்வளவும் எழுதியிருக்கிறேன்.

அன்றைக்கு அரூருக்குத் திரும்புகிற பஸ்ஸில் ஜன்னலோரம் அவள் உட்கார்ந்திருந்தாள். கீரைப் பை மடியில். வெயில் தாழ்ந்து, வழியெல்லாம் பாறைகள். கொஞ்ச தூரம் போனதும் என் பக்கம் திரும்பி, "நாங்க கொல்லிக்குப் போனப்புறம் சாரு இன்னா சொன்னாரு? தட்டப் பத்தி எதுனா சொன்னாரா?" என்று கேட்டாள்.

"சொன்னாரு."

"இன்னான்னு?"

"அந்தப் பளபளப்பு அவருக்கு இன்னமும் கண்ணுல நிக்குதாம்."

அவள் வெட்கப்பட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். "நான் அப்பவே நெனச்சன், அவருக்குப் புடிச்சிருக்கும்னு" என்றாள். பிறகு தன் இரண்டு உள்ளங்கையையும் மடியில் விரித்து, ஊர் வருகிறவரைக்கும் அவற்றையே பார்த்துக்கொண்டு வந்தாள்.